ஒண்ணரை வோல்ட்டுல வந்த வம்பு

வாங்க, வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாமுங்க, கீழ ஈயத் துணுக்கு கெடக்கும், கால்ல குத்திப்போடும். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. மீட்டரை இப்பிடிக் குடுங்க. அடேங்கப்பா, பேக்லைட் பொட்டி! கையில வாங்குனாவே கனம் தெரியுது பாருங்க. இப்ப வர்ற பிளாஸ்டிக் மீட்டரெல்லாம் ஒரு மீட்டருங்களா? ஃபேனைப் போட்டா டேபிளை உட்டுப் பறந்து போயிரும். எங்கிருந்து வர்றீங்க? அவினாசியா? சைசிங் மில்லுல எலக்ட்ரீசியனா? நல்லதுங்க. ஊசி அசையவே மாட்டேங்குதாக்கும்? அசைய வெச்சுப்போடலாம், அதெல்லாம் ஒரு வேலையே இல்ல. இந்தக் கணபதி லைன்ல மீட்டர் சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா சின்னக் கொழந்தை கூடக் கையக் காட்டும். நீங்க யாரைக் கேட்டு வந்தீங்க? டீக்கடையிலயா? அவன் என்ன சொன்னான்? ஒண்ணும் சொல்லலையா? சிரிச்சானா? சிரிச்சிருப்பானே, கூமுட்டை. போகட்டும் உடுங்க.

எதுக்குச் சிரிச்சான்னு உங்களுக்குத் தெரியோணுமில்ல. இல்லாட்டி நீங்க பாட்டுக்கு என்னமோ ஏதோன்னு நெனச்சுக்குவீங்க. இந்தத் திருகைக் கழட்டற நேரத்துக்குள்ள சொல்லிப்போடறேன். நீங்களே கேட்டுட்டு, நாயம் யாரு பக்கம்னு சொல்லுங்க. வெளியூர்க்காரரு, உங்களுக்கு ஓரவஞ்சனை இருக்காது.

நான் மில்லுல இன்ஸ்ட்ருமென்ட் செக்சன்ல இருந்தவனுங்க. மில்லை மூடுனப்ப மத்தவனெல்லாம் செட்டில்மெண்ட், செட்டில்மெண்டுன்னு கேட்டு வாசல்ல கத்திக்கிட்டுக் கெடந்தான். நான் கம்முனு லேப்ல கெடந்த பழைய சாமானத்தையெல்லாம் ஏலத்துல எடுத்துட்டேன். ஆசிலாஸ்கோப்பு, சிக்னல் ஜெனரேட்டரு, அப்பறம் அதோ, மூலையில துண்டைப் போட்டு மூடி வெச்சிருக்கறனே, அது. வால்வு வோல்ட்மீட்டர், பழைய ரேடியோவுல இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வு வெச்சு ஓடறது. தொடாதீங்க. டெம்போவுல கொண்டாந்து எறக்குனப்ப என்ற ஊட்டுக்காரி வாசல்லயே நின்னு, "இதைப் பழைய இரும்புக் கடையில எறக்கறதுக்குப் பதிலா வழி தப்பி இங்க வந்துட்டாப்பலயா"ன்னு டெம்போக்காரனைக் கேட்டா. அந்தக் குசும்புக்கெல்லாம் நான் பதில் சொல்றதில்லீங்க.

அந்த வோல்ட்மீட்டரு வந்தப்ப செத்த பொணம். சுச்சைப் போட்டா ஊசி வலக்கைப் பக்கம் ஓடிப்போயி முட்டிக்கிட்டு நிக்கும், திரும்பி வராது. வேற எவனா இருந்தாலும் வால்வு போச்சுன்னு சொல்லித் தூக்கி வீசியிருப்பான். நான் வீசுவனா? ஒவ்வொரு முனையா வெச்சுப் பாத்துக்கிட்டே போனனுங்க. ரெண்டு கண்டென்சரு ஒழுகுது, மாத்துனேன். அப்பவும் ஊசி நகருல. அந்த வால்வு ஒண்ணுக்குள்ளயே ரெண்டு பாகம் இருக்குமுங்க, ரெண்டும் சமமா இழுத்தாத்தான் ஊசி சைபருல நிக்கும். அதுல ஒரு பக்கம் சீக்கு. சேலத்துல ஒரு ரேடியோக்காரன் ஊட்டுப் பரண்ல இருந்து வால்வைப் புடிச்சாந்து போட்டனுங்க. ஊசி அப்பிடியே மெதுவா எந்திரிச்சு, சைபருக்கு வந்து நின்னுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க, பொய் சொல்லல. என்ற பொண்ணு கலியாணத்துக்குக் கூட நான் அழுகுல.

ஊசி வந்துருச்சு, செரி. ஆனா அது காட்டறது நெசமான்னு எப்பிடித் தெரியும்? எத்தனை வோல்ட்டுன்னு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணைக் குடுத்துல்ல செட் பண்ணோணும். மத்தவனா இருந்தா இதுலயே முழிச்சிருப்பான். நான் கடைக்குப் போயி டார்ச்சு லைட்டுக்குப் போடற புது செல்லு ஒண்ணு வாங்கியாந்தேன். கம்பெனிக்காரனே அது மேல அச்சடிச்சுத் தந்திருக்கறானுல்லீங்க, ஒண்ணரை வோல்ட்டுன்னு! அதை வெச்சேன், ஊசியை ஒண்ணரை மேல கொண்டாந்து நிறுத்துனேன், ஊட்டுக் கரண்டு அளக்கற ஏ.சி. பக்கத்தையும் அந்தக் கணக்குக்கே இழுத்து உட்டேன். முடிஞ்சுது வேலை. எப்பிடி மூளை? இதை எந்தக் காலேஜுலயும் சொல்லித் தர மாட்டானுங்க.

இந்தாங்க, உங்க மீட்டரோட கதையைப் பாருங்க. உள்ள இருந்த செல்லு ஒழுகி, ஸ்பிரிங்கெல்லாம் பச்சை புடிச்சுக் கெடக்குது. எந்தப் புண்ணியவான் செல்லைக் கழட்டாம வெச்சுப்போட்டானோ. இருங்க, சுரண்டிப் பாக்கறேன்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், லைன். இந்த லைன்ல முக்கால்வாசி ஸ்டெபிலைசர்ப் பட்டறை, மோட்டார் காயில் கட்டறவன், யு.பி.எஸ். போடறவன். நான் வர்றதுக்கு முன்னால இங்க தெனமும் சண்டைங்க. ஒருத்தன் மீட்டரு இருநூத்தி இருவதுங்கும், அடுத்தவனோடது இருநூத்தி நாப்பதுங்கும். "உன்ற மீட்டரு ஓட்டை", "உன்றதுதான்டா ஓட்டை"ன்னு ஒருத்தனை ஒருத்தன் அடிக்கப் போவானுங்க. நான் என்ன பண்ணுனேன்? எல்லா மீட்டரையும் கொண்டாங்கடான்னேன். ஒவ்வொண்ணா என்ற வால்வு மீட்டருக்குப் பக்கத்துல வெச்சு, அது என்ன காட்டுதோ அதையே காட்டற மாதிரி திருகி உட்டேன். அதுல இருந்து லைன்ல ஒரு சத்தம் கெடையாதுங்க. எல்லா மீட்டரும் ஒரே பேச்சுப் பேசுச்சு. இதைச் செஞ்சது ஒரு கலெக்டரா இருந்தா பேப்பர்ல போட்டிருப்பான்.

அதுல மொத ஆளா மீட்டரைத் தூக்கிட்டு வந்தவன் அர்த்தநாரி. எதுத்தாப்பல நாலு பட்டறை தள்ளி, பச்சைக் கேட்டு. ஸ்டெபிலைசர் போடறவன். எனக்கும் அவனுக்கும் பள்ளிக்கூடத்துல இருந்து பழக்கம். அவன் பட்டறையில இருந்து வெளிய போற ஒவ்வொரு பீஸும் நான் செட் பண்ணிக் குடுத்த மீட்டருல பாத்துட்டுத்தான் போகும். அத்தனை நம்பிக்கை. "சென்னி மீட்டரு சொன்னா சாமி சொன்ன மாதிரி"ம்பான். அவனேதான் சொன்னான், நான் சொல்லிக்குடுக்கல.

அப்பறம்தான் சனி புடிச்சுது. அர்த்தநாரி போட்ட பீஸெல்லாம் திரும்பி வர ஆரம்பிச்சுது. பல்பு ஃபியூஸ் ஆகுதுங்கறான் ஒருத்தன். டி.வி. புகையுதுங்கறான் இன்னொருத்தன். பிரிட்ஜு நின்னு போச்சுங்கறான் வேறொருத்தன். நான் சொன்னேன், பல்பெல்லாம் இப்ப டூப்ளிகேட்டு, டி.வி.யில எறும்பு பூந்திருக்கும், பிரிட்ஜை நிமிசத்துக்கு ஒருக்காத் தொறந்து தொறந்து மூடுனா கம்ப்ரசரு போகாம என்ன பண்ணும்னேன். அர்த்தநாரியும் வர்றவங்ககிட்ட அதையே சொல்லித் தாட்டி உட்டுக்கிட்டிருந்தான். கடைசியில பேக்கரிக்காரன் வந்தான். ஊரு பூராக் கிளை வெச்சிருக்கறவன், அத்தனை கடை ஃப்ரீசருக்கும் அர்த்தநாரிதான் ஸ்டெபிலைசரு. ஒரு அட்டைப்பொட்டியைப் பட்டறை நடுவுல வெச்சுத் தொறந்து காட்டுனான். பொறந்த நாள் கேக்கு. உருகி, பச்சையும் ரோஸும் ஒண்ணாக் கலந்து, யாரோ ஒரு கொழந்தை பேரு பாதி வழிஞ்சு ஓடிப்போயிருக்குது. "எத்தனை ஃப்ரீசரு போச்சுன்னு கேளுங்க கவுண்டரே"ன்னான். அந்த ஆர்டர் கையை உட்டுப் போச்சுன்னா பட்டறையை மூடிட்டு, அப்பனும் மகனும் திருப்பூருக்குக் கூலிக்குத்தான் போகோணும். அர்த்தநாரி மொகத்தைப் பாக்க முடியலீங்க.

இந்த நேரம் பாத்து அவன் ஊட்டுக்கு மருமக வந்துச்சு. மோகனப்பிரியான்னு பேரு. இன்ஸ்ட்ருமென்டேசன் படிச்ச புள்ள, பெங்களூருல மீட்டரெல்லாம் செக் பண்ணற லேப் ஒண்ணுல வேலை பாத்துச்சாம். கலியாணம் ஆன கையோட சீர் சாமானத்தோட சாமானமா ஒரு மஞ்சக் கலர் மீட்டரும் வந்து எறங்குச்சு. பொண்ணுக்குப் பண்ட பாத்திரம் குடுப்பாங்க, பவுன் குடுப்பாங்க. மீட்டரு குடுத்து அனுப்புவாங்களா? எனக்கு அப்பவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு.

வந்த வேகத்துல பட்டறைக்குள்ள வந்து மஞ்ச மீட்டரை மாட்டிப் பாத்துட்டு, "மாமா, இருநூத்தி முப்பதுன்னு செட் பண்ணியிருக்கறது நெசத்துல இருநூத்தி அம்பதுக்குப் பக்கமா வருதுங்க. எச்சா வருது. அதுல தானுங்க ஃப்ரீசரு எரியுது"ன்னு அர்த்தநாரிகிட்டச் சொல்லியிருக்குது. அவன் என்கிட்ட ஓடியாந்தான். நான் சிரிச்சுப்போட்டேன். புது மீட்டரு, பஸ்ஸுல வந்த குலுக்கல்ல கலைஞ்சிருக்கும், இதுக்குப் போயி இப்பிடிப் பதறறயேன்னேன்.

அப்பறம் ஒரு நாளு நான் போனப்ப அந்தப் புள்ள சோத்துக்குப் போயிருந்துச்சு. மஞ்ச மீட்டரு டேபிள் மேல கெடந்துச்சு. பாவம், தப்புக் காட்டற மீட்டரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணும்னு நான் நெனச்சேன். பின்னாடி தொறந்தேன். உள்ள ஒரு சின்னத் திருகு இருக்குதுங்க, பொடிசா, கடுகு மாதிரி. அதைத் திருகி, நம்ம லைன் மீட்டரெல்லாம் காட்டற எடத்துல கொண்டாந்து நிறுத்தி, மூடி வெச்சுட்டு வந்துட்டேன். அஞ்சு பைசா கேக்கல. நன்றி சொல்லும்னு பாத்தேன். நன்றியா? அதைக் கொண்டு போயி மறுபடியும் பெங்களூருக்குப் பார்சல் அனுப்பி, அங்கிருந்து திருப்பி வாங்கி, மூடியிருக்கற எடத்துல செவப்பு நெயில் பாலீஷைப் பூசி வெச்சிருக்குது! யாராச்சும் தொறந்தா தெரியோணுமாம். நான் என்ன திருடனுங்களா?

என்ற ஊட்டுக்கே வந்து தன்மையாத்தான் பேசுச்சு, அதைச் சொல்லோணும். "மாமா, உங்க மீட்டரை எதை வெச்சுங்க செட் பண்ணுனீங்க?"ன்னு கேட்டுச்சு. நான் பெருமையாச் சொன்னேன், செல்லைக் காட்டுனேன். அந்தப் புள்ள அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "புது செல்லு ஒண்ணரைக்கு மேல இருக்குமுங்க மாமா. ஒண்ணு புள்ளி ஆறு, அதுக்கு மேலயே கூட இருக்கும். போகப் போகத்தான் எறங்கும். அதை ஒண்ணரைன்னு வெச்சுட்டா, எல்லாமே கம்மியாத்தானுங்க காட்டும்"ன்னுச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "அப்ப அச்சடிச்சிருக்கறது பொய்யா கண்ணு? இத்தனை பெரிய கம்பெனிக்காரன் பொய் சொல்லுவானா? நேத்து வந்த நீயி சொல்றதுதான் நெசமா?"ன்னேன். செல்லைப் பதனமா டேபிள்ல வெச்சுட்டு, "வர்றனுங்க மாமா"ன்னு போயிருச்சு. பதில் இருந்தாச் சொல்லியிருக்காதா?

உங்களோடது பாருங்க, ஸ்பிரிங்கு சுத்தமாயிருச்சு. ஆனாலும் ஊசி வரல. இந்தா, இந்த ரெசிஸ்டரு கருகிக் கெடக்குது. கரண்டு அளக்கற எடத்துல குமிழைத் திருப்பி வெச்சுட்டு நேரா மெயின்ல குத்தியிருக்கறாங்க. நீங்களா? உங்க மொதலாளியா? சரி சரி, மொதலாளின்னாவே அப்பிடித்தான். என்கிட்ட இதே அளவு இருக்குது, போட்டுர்றேன்.

சரி, பேச்சு வளர்ந்து போச்சு, லைன்ல ஆளுக்கொண்ணு பேச ஆரம்பிச்சுட்டானுங்க. நானே சொன்னேன், ஞாயித்துக்கெழமை எல்லாரும் அவனவன் மீட்டரை எடுத்துட்டு அர்த்தநாரி பட்டறைக்கு வாங்கடா, பஞ்சாயத்தை முடிச்சுப்போடலாம்னு. நீளமா ரெண்டு டேபிளைச் சேத்துப் போட்டு, வரிசையா மீட்டரை வெச்சு, எல்லாத்தையும் அர்த்தநாரி போட்ட ஸ்டெபிலைசரு ஒண்ணோட ஒரே ஒயருல மாட்டுனோம். பதினாலு மீட்டரு. பதினாலும் இருநூத்தி முப்பது! ஒண்ணு கூட அக்கட்டால இக்கட்டால போகல. கடைசியில மஞ்ச மீட்டரு. இருநூத்தி அம்பத்திரண்டு. நான் கேட்டேன், "ஏம்மணி, பதினாலு பேரு ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தரு ஒண்ணு சொல்றாரு, ஊருல யாரு பேச்சைக் கேப்பாங்க?" லைனே கை தட்டுச்சுங்க. காயில் கட்டற ராக்கியப்பன் விசிலே அடிச்சான்.

அந்தப் புள்ள சொல்லுச்சு, "பதினாலையும் செட் பண்ணுனது ஒரே கை தானுங்களே மாமா. கை தப்புன்னா பதினாலும் ஒரே தப்பைத்தானுங்க சொல்லும்." அது என்னமோ பேசோணும்னு பேசுச்சு. யாரும் சிரிக்கல, அதுலயே தெரியலையா அது எடுபடலைன்னு? டீ வந்துச்சு, குடிச்சுட்டுப் போயிட்டானுங்க. அர்த்தநாரி மட்டும் எல்லா மீட்டரையும் ஒருக்கா உத்து உத்துப் பாத்துட்டு, "நம்ம சென்னி மீட்டருதான் சரி, உடுங்க"ன்னு எல்லார் முன்னாலயும் சொன்னான். என்ற தோள்ல கையப் போட்டுக்கிட்டுக் கேட்டு வரைக்கும் வந்து உட்டுட்டுப் போனான். நட்புன்னா அது தானுங்க.

அதுக்கப்பறம் பாருங்க, ஒரு பீஸ் திரும்பி வரல. ஒண்ணே ஒண்ணு கூட. பேக்கரிக்காரன் மறுபடியும் ஆர்டர் குடுத்தான். பல்பு ஃபியூஸ் ஆகல, டி.வி. புகையல. நான் டீக்கடையில சொன்னேன், பாத்தீங்களாடா, மீட்டரு மேல நம்பிக்கை வெச்சா எல்லாம் தானாச் சரியாகும்னு. எல்லாரும் தலையாட்டுனானுங்க. மீட்டரும் ஒழுங்காச் செட்டிங்குக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. காலையில கொண்டாந்து வெப்பானுங்க, நான் திருகி வெப்பேன், எடுத்துட்டுப் போவானுங்க.

ஒரு நாளு மத்தியானம் எனக்கு ஈயம் தீந்து போச்சுங்க. அர்த்தநாரிகிட்ட ஒரு சுருள் வாங்கிக்கலாம்னு போனேன். முன்னால ஆளில்ல. பின்னாடி ரூமுல சத்தம் கேட்டுச்சு, எட்டிப் பாத்தேன். மோகனப்பிரியா உக்காந்திருக்குது. முன்னால வரிசையா மீட்டரு. ராக்கியப்பன் மீட்டரு, யு.பி.எஸ். காரன் மீட்டரு, எல்லாம் அன்னிக்குக் காலையில என்ற கையில செட் ஆன மீட்டரு. ஒவ்வொண்ணா எடுத்து, தொறந்து, மஞ்ச மீட்டருக்குப் பக்கத்துல வெச்சு, திருப்பித் திருகிக்கிட்டிருக்குது. ராக்கியப்பன் பக்கத்துல நின்னு டீ குடிச்சுக்கிட்டிருக்கறான். காலையில என்ற கையில, மத்தியானம் அவ கையில. எத்தனை மாசமா நடக்குதோ! நான் ஈயத்தையும் வாங்கல, ஒண்ணும் வாங்கல, அப்பிடியே திரும்பி வந்துட்டேன்.

ரெண்டு நாளு சோறு எறங்கல. அத்தனை பேரும் என்னை வெச்சு நாடகம் ஆடியிருக்கறானுங்க. அதுலயும் அர்த்தநாரி! அவன் பட்டறைக் கேட்டு முன்னாலயே வெச்சுக் கேட்டேன். "உனக்கு மனசு சங்கடப்படும்னுதான் சொல்லலடா"ங்கறான். என்ற மனசு சங்கடப்படும்னு என்னை ஏமாத்துனானாம்! இப்பிடி ஒரு நாயம் கேள்விப்பட்டிருக்கீங்களா?

சும்மா உடுவனா நானு? அந்தப் புள்ளைக்கு நெசமாவே மீட்டரு பாக்கத் தெரியுமான்னு ஒரு பரீட்சை வெச்சுப்போடலாம்னு முடிவு பண்ணுனேன். என்ற வால்வு மீட்டரோட செட்டிங் திருகைப் புடிச்சேன், கண்ணை மூடிக்கிட்டு ஒரு சுத்துச் சுத்தி உட்டேன். இப்ப இருநூத்தி முப்பதைக் குடுத்தா நூத்தி எழுவதுன்னு காட்டும். பச்சைக் கொழந்தை கூடத் தப்புன்னு சொல்லிரும். ஆட்டோவுல வெச்சு எடுத்துட்டுப் போனேன். "அம்மணி, உன்ற மீட்டரோட இதை வெச்சுப் பாத்து, சரியா இருக்குதா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லு. உன்ற வாயில வந்தா ஒத்துக்கறேன்"னேன், தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. நடிப்பு எனக்கும் வருமுங்க.

மாட்டுச்சு. என்ற ஊசி நூத்தி எழுவதுல நின்னுச்சு. அந்தப் புள்ள ஊசியைப் பாத்துச்சு, மஞ்ச மீட்டரைப் பாத்துச்சு, என்ற மூஞ்சியைப் பாத்துச்சு. அப்பறம் திரும்பி மாமனாரைப் பாத்துச்சு. காயில் சுத்தற மிசினு ஓடிக்கிட்டிருந்துச்சு, அர்த்தநாரி அதை நிறுத்திட்டு எந்திரிச்சு வந்தான். அவனும் ஊசியைப் பாத்தான். அந்தப் புள்ளைக்கு என்னமோ கண்ணெல்லாம் செவந்து போச்சு, ஈயப் புகை பட்டிருக்கும். "சரியாத்தானுங்க மாமா இருக்குது. உங்க மீட்டரை யாருங்க குறை சொல்ல முடியும்"னு சொல்லிட்டு, ஒயரைக் கழட்டி, துண்டைப் போட்டு மூடுச்சு. ஆட்டோ வரைக்கும் தூக்கிட்டு வந்து உட்டது கூட அந்தப் புள்ளதான்.

மாட்டிக்கிச்சா இல்லையா? நீங்களே சொல்லுங்க! அறுவது வோல்ட்டு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியல, இது பெங்களூரு லேபாம்! அடுத்த நாளு காலையில டீக்கடையில லைனே கூடியிருந்தப்ப எந்திரிச்சு நின்னு சொன்னனுங்க. நானே கெடுத்து வெச்ச மீட்டரைச் சரின்னு சொன்ன மகராசி அர்த்தநாரி மருமகதான், அவகிட்டத்தான்டா நீங்கெல்லாம் திருட்டுத்தனமா மீட்டரைக் குடுத்தீங்கன்னேன். ராக்கியப்பன் கீழ குனிஞ்சுக்கிட்டான். அர்த்தநாரி அப்பத்தான் உள்ள வந்தான். டீ கிளாஸைக் கையில வாங்குனவன் குடிக்கல. "அந்தப் புள்ள பாத்தது மீட்டரை இல்லடா சென்னி, உன்னைய. நான்தான் கண்ணைக் காட்டுனேன். வயசான காலத்துல உன்னையக் கேவலப்படுத்த வேண்டாம்னு பாத்தோம்"னான். கிளாஸை அப்பிடியே வெச்சுட்டுப் போயிட்டான். ஒரு வாயி கூடக் குடிக்கலைங்க. பாருங்க, அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான், ரெண்டு பேரும் கூட்டுன்னு!

இந்தப் பேச்சு எப்பிடியோ பேக்கரிக்காரன் காதுக்குப் போயிருச்சு. நான் போயிச் சொல்லலைங்க. அவன் கடையில பன்னு வாங்கப் போனப்ப, கேட்டான், சொன்னேன். அவன் பயந்துக்கிட்டு ஆர்டரை நிறுத்திப்போட்டான். அந்தப் புள்ள ஒவ்வொரு பீஸையும் வண்டியில ஏத்தி, சர்க்கார் லேபுக்குக் கொண்டு போயி, செக் பண்ணி, எல்லாம் சரின்னு எழுதி வாங்கிட்டு வந்த பொறவுதான் மறுபடியும் எடுத்தான். அதுவரைக்கும் பட்டறை பூட்டித்தான் கெடந்துச்சு. அர்த்தநாரி சங்கிலியைக் கூட அடகு வெச்சதாப் பேச்சு. எல்லாம் சரின்னு லேபுக்காரன் எப்பிடிச் சொன்னான்னுதான் எனக்குப் புரியல. அவனும் செல்லை வெச்சுத்தான பாத்திருப்பான்?

அதுல இருந்து அர்த்தநாரி என்கிட்டப் பேசறதில்ல. எதுக்க வந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கமாப் போயிடறான். நான் நெசத்தைச் சொன்னேன், அதுக்கு இது. லைன்ல இருந்து ஒரு மீட்டரு வர்றதில்ல. மாசக்கணக்குல நீங்கதானுங்க மொத ஆளு. மத்தியானம் ஆச்சுன்னா இந்த ஸ்டூலுல யாராச்சும் உக்காந்து வம்பு பேசிக்கிட்டிருப்பானுங்க, இப்ப ஈயத்தோட வாசத்தைத் தவிர ஒண்ணுமில்ல. ஊட்டுக்காரி டீயக் கொண்டாந்து வெச்சுட்டு, கிளாஸ் காலியாகற வரைக்கும் நின்னு எடுத்துட்டுப் போவா. முன்னாடியெல்லாம் குசும்பாவது பேசுவா. எனக்கு அர்த்தநாரி இல்லாமப் பொழுது போக மாட்டேங்குதுங்க. அதை எவன்கிட்டப் போயிச் சொல்லறது?

இந்தா, வந்துருச்சு பாருங்க! ஊசி! பாத்தீங்களா, எப்பிடி எந்திரிச்சுது? நான் சொன்னனுல்ல. இனி உங்க மீட்டரு இன்னொரு அம்பது வருசத்துக்குச் சாகாது. ரெசிஸ்டரு மாத்துனதுனால இதைச் செட் மட்டும் பண்ணோணும்.

அதுல ஒரு சின்ன விசயமுங்க. என்ற வால்வு மீட்டரை அன்னிக்குப் பரீட்சைக்காகக் கண்ணை மூடிக்கிட்டுத் திருகி உட்டனுல்ல, அதைப் பழைய எடத்துக்குக் கொண்டு போக முடியல. புது செல்லு வெச்சுப் பாத்தேன். வேற கம்பெனிச் செல்லும் வெச்சுப் பாத்தேன். பரண்ல கெடந்த பழைய செல்லும் வெச்சேன். எல்லாத்து மேலயும் ஒண்ணரைன்னுதான் போட்டிருக்குது, ஒண்ணொண்ணும் ஒண்ணொண்ணு காட்டுது. செல்லுக் கம்பெனிக்காரனுகளும் இப்ப கெட்டுப் போயிட்டானுங்க. எதை நம்பறதுன்னு தெரியாம துண்டைப் போட்டு மூடி வெச்சிருக்கறேன்.

அதனால ஒண்ணு பண்ணுங்க. இதை எடுத்துட்டு இப்பிடியே நேராப் போங்க, எதுத்தாப்பல நாலாவது பட்டறை, பச்சைக் கேட்டு. இன்னேரம் அந்தப் புள்ள இருக்கும். அவினாசியில இருந்து நேரா வர்றேன், இதைச் செட் பண்ணோணும்னு மட்டும் சொல்லுங்க. நல்லாப் பண்ணும். என்ற பேரை எடுக்காதீங்க. அர்த்தநாரி அங்க உக்காந்திருந்தான்னா எப்பிடி இருக்கறான்னு பாத்து வைங்க, இருமறானான்னு பாருங்க, மழைக்கு அவனுக்கு இருமல் வரும்.

செட் பண்ணிட்டு பஸ் ஏறிப் போயிராதீங்க. போற வழியில இங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. உங்களுதையும் என்றதையும் ஒரே ஒயருல மாட்டி, உங்களுது காட்டற எடத்துல என்ற ஊசியைக் கொண்டாந்து நிறுத்திக்கறேன். ஒரு நிமிச வேலைதான். உங்க மீட்டரை யாரு செட் பண்ணுனாங்கன்னு நான் கேக்க மாட்டனுங்க. நீங்களும் சொல்லிப்போடாதீங்க.